ஒளி புற்றை மட்டும்தான் தாக்குகிறதா?

ஒளியியக்க மருத்துவம் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். புற்றுநோயாளியின் உடலில் ஒரு மருந்தைச் செலுத்தி, சில நாள் கழித்துக் கட்டியின் மீது செந்நிற லேசர் ஒளியைப் பாய்ச்சும் முறை அது. இதைப் பற்றி எழுதுவோர் பலர், ஒளி புற்றை மட்டும் கொல்லும், பக்கத்திலுள்ள நல்ல திசுவைத் தொடாது என்று எழுதிவிடுகிறார்கள். கத்தியும் இல்லை, காயமும் இல்லை என்ற நம்பிக்கை படிப்பவர் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. அதற்கு ஆதாரம் எவ்வளவு என்பதை வாய்ப் புற்றைக் கொண்டு சீர்தூக்கிப் பார்ப்போம். நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம், உதடு எல்லாம் நெருங்கி அமைந்த சிறிய இடம் வாய். அங்கே நல்ல திசு சிறிது பழுதுபட்டாலும் பேச்சும் விழுங்குதலும் பாதிக்கப்படும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். 1900-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமேசியம் என்னும் ஒரு செல் உயிர்களை விட்டு ஆராய்ந்தார். வெளிச்சத்தில் இருந்தவை விரைவில் மடிந்தன. இருட்டில் இருந்தவை நெடுநேரம் பிழைத்திருந்தன. சாயமும் ஒளியும் சேர்ந்தபோதுதான் அந்த வேகமான சாவு நேர்ந்தது. இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்பதை அவருடைய ஆசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் குழுவினர் பின்னர் கண்டறிந்தனர். மருந்தின் மூலக்கூறு ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. கிளர்வுற்ற ஆக்சிஜன் செல்லின் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கிறது. அதன் ஆயுள் மிகக் குறைவு. பிறந்த இடத்திலிருந்து ஒரு செல்லின் அகலம்கூட அது செல்வதில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் கூடும் இடத்தில் சேதம் நேரும். அந்த இடம் புற்றா, நல்ல திசுவா என்று ஆக்சிஜன் பார்ப்பதில்லை. ஆகவே நல்ல திசு தப்ப வேண்டுமானால், ஒன்று அங்கே மருந்து இருக்கக் கூடாது. அல்லது ஒளி படக் கூடாது.

மருந்து இருப்பதில்லையா? இருக்கிறது. புற்றுத் திசுவில் அது கூடுதலாகத் தங்குவது உண்மையே. ஆனால் அந்தக் கூடுதல், பல திசுக்களில், இரண்டு மூன்று மடங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. நல்ல திசுவும் மருந்தை ஏற்கும் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. 1912-இல் ஃபிரீட்ரிக் மையர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், ஹெமட்டோபார்ஃபிரின் என்ற பொருளில் 200 மில்லிகிராமைத் தமக்கே ஊசியால் செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட இடங்களில் வலியும் வீக்கமும் கண்டன. இரண்டு மாதங்களுக்கு மேல் அவரால் வெயிலைத் தாங்க முடியவில்லை. அவருக்குப் புற்று எதுவும் இல்லை. துன்புற்றது நல்ல தோல்தான்.

சரி, ஒளியையாவது புற்றின் மேல் மட்டும் நிறுத்த முடியுமா? டெமோபார்ஃபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். வேறு சிகிச்சை பலிக்காத, முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு ஐரோப்பாவில் 2001-இல் அனுமதி பெற்ற மருந்து இது. உடல் எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் வீதம் நரம்பூசியாகச் செலுத்துவார்கள். நான்கு நாள் கழித்து, 652 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைச் சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் அளவில், 200 வினாடி பாய்ச்சுவார்கள். இப்போது ஒரு விதியைக் கவனியுங்கள். கட்டியின் விளிம்பைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வரை ஒளி பட வேண்டும் என்பது அந்த விதி. கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும் புற்றுச் செல்களும் அழிய வேண்டும் என்பதே நோக்கம். ஆக, மருத்துவர் தெரிந்தே நல்ல திசுவின் மீதும் ஒளியைப் பாய்ச்சுகிறார்!

அதற்கும் அப்பாலுள்ள இடங்களை மறைத்தாக வேண்டும். வாயின் ஈரமான உட்பரப்பில் பட்ட ஒளி அங்குமிங்கும் தெறித்து, குறி வைக்காத உதட்டிலும் அண்ணத்திலும் விழும். ஒளி நல்ல திசுவைத் தொடாது என்பது உண்மையானால் இந்த மறைப்புக்கு வேலையே இராது.

சிகிச்சைக்குப் பின் ஒளி பட்ட இடம் வீங்குகிறது. திசு செத்து, வெளிறிய பொருக்காகப் படிகிறது. வலி கடுமையாக இருக்கக்கூடும். வலி மருந்தும் நீராகாரமும் தேவைப்படலாம். நாக்கின் அடிப்பகுதியில் வீக்கம் மிகுந்தால் மூச்சுக்குழல் அடைபடும் ஆபத்தும் உண்டு. லண்டன் ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, வாயின் மேற்பரப்புப் புற்றுக்கு இம்முறை பயனுள்ளது என்றது. ஆனால் இது புற்றைத் தேர்ந்து தாக்குவதன்று என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் இந்த முறையால் பயனில்லையா? அப்படிச் சொன்னால் அதுவும் பிழையே. இதன் உண்மையான சிறப்பு, காயம் ஆறும் விதத்தில் இருக்கிறது. இங்கே திசுவைக் கொல்வது வெப்பம் அன்று. ஆகவே திசுவுக்குச் சட்டம்போல் நின்று தாங்கும் கொலாஜன் இழைகள் பெரிதும் தப்பிவிடுகின்றன. 1987-இல் எலிகளின் ஆரோக்கியமான பெருங்குடலில் செய்த சோதனையில், ஒளியியக்க முறையால் குடற்சுவர் முழுவதும் செல்கள் இறந்த இடத்திலும் கொலாஜன் நிலைத்து, சுவரின் வலிமை குறையாமல் இருந்தது. வெப்பத்தால் சிதைந்த இடத்தில் அவ்வாறில்லை. கூரை எரிந்தாலும் தூணும் உத்தரமும் நிற்கும் வீட்டை விரைவில் மீண்டும் வேய்ந்துவிடலாம் அல்லவா? அதுபோல வாயின் உட்படலமும் சில வாரங்களில், பெரும்பாலும் பெரிய தழும்பின்றி வளர்ந்து மூடிக்கொள்கிறது. கதிர்வீச்சைப் போல் இதற்கு வாழ்நாள் அளவு என்ற வரம்பும் இல்லை. வேண்டுமானால் திரும்பவும் செய்யலாம்.

பலன் எப்படி? ஆரம்ப நிலை வாய்ப் புற்று உள்ளவர்களுக்கு டெமோபார்ஃபின் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. 114 பேரில் 97 பேருக்கு, அதாவது 85 விழுக்காட்டினருக்கு, கட்டி முழுவதும் மறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அறுவைச் சிகிச்சை பெற்ற மற்றொரு குழுவோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வன்று அது. அறுவையைவிட இது மேல் என்று இந்த எண்ணைக் காட்டி வாதிட முடியாது.

மருந்தையே புற்றுக்கு மட்டும் அனுப்ப முயல்கிறார்கள். ஒளியை ஏற்கும் சாயத்தை, புற்றுச் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளோடு பிணைத்த மருந்துக்கு ஜப்பான் 2020-இல் அனுமதி அளித்தது. தேர்ந்து தாக்கும் திறனில் இது ஒரு முன்னேற்றமே. எனினும் அந்தப் புரதம் வாயின் நல்ல உட்படலத்திலும் உண்டு. குரல்வளை வீக்கம் இங்கும் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு வாதமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல திசுவுக்குத் தீங்கில்லை என்று படித்த நோயாளி, மூன்றாம் நாள் வாய் வீங்கி வலிக்கும்போது சிகிச்சை தோற்றது என்று அஞ்சுவார். தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியவர், மருந்து உடலில் இருக்கும் முதல் இரண்டு வாரத்திலேயே பகல் வெயிலில் நடந்து தோல் பொசுங்கி வருவார். மிகையான புகழ்ச்சியின் கேடு இப்படித்தான் வந்து சேர்கிறது.

ஆகவே, நண்பர்களே, அந்த வாக்கியத்தை அடுத்த முறை காணும்போது இப்படித் திருத்திப் படியுங்கள்: இந்த ஒளி, மருந்து உள்ள நல்ல திசுவையும் புண்ணாக்கும், ஆனால் அந்தப் புண் நன்றாக ஆறும். புகழ்ச்சி சற்றுக் குறைந்தாலும், நோயாளி நம்பி நடப்பதற்கு உரிய வாக்கியம் இதுவே.