சோல் மகோசா

சோல் மகோசா (1972) கேமரூன் நாட்டு சாக்சபோன் கலைஞர் மனு திபாங்கோவின் புகழ்பெற்ற பாடல். அந்த ஆண்டு கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காக அவர் உருவாக்கிய இசைத்தட்டின் பின்பக்கத்தில் இது இடம்பெற்றது. முன்பக்கத்தில் இருந்த போட்டிப் பாடலை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

மகோசா என்பது டுவாலா நகரத்தின் நடன இசை. கிதார்களின் பின்னலும் பாடகரின் குரலும் அதில் முன்னிற்கும். பேஸ் கிதார் ஆடுபவரின் காலை நடத்தும். அந்த அளவுகோலால் பார்த்தால் சோல் மகோசா மகோசாவே அல்ல என்று சொல்லிவிடலாம். அதில் முன்னிற்பது சாக்சபோன். குரல் பாடுவதைவிடப் பேசுவதே அதிகம். தாளமும் பித்தளைக் கருவிகளின் வெட்டும் அமெரிக்க ஃபங்க் இசையிலிருந்து வந்தவை. மகோசாவிலிருந்து திபாங்கோ எடுத்துக்கொண்டவை முதன்மையாக இரண்டுதான்: பேஸின் நடையும் அந்தச் சொல்லும். சொல்லை அசை அசையாக உடைத்து, திக்கித் திக்கிச் சொல்லி, அதையே ஒரு தாளக் கருவியாக்கிவிட்டார். பாடலின் உண்மையான கண்டுபிடிப்பு இதுவே.

இந்தக் கலப்பு திடீரென்று நிகழ்ந்ததல்ல. 1933-இல் டுவாலாவில் பிறந்த திபாங்கோ தேவாலயப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். பதினைந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு அங்கே ஜாஸ் பயின்றார். 1960-களின் தொடக்கத்தில் ஜோசப் கபசெலேயின் ‘ஆப்பிரிக்கன் ஜாஸ்’ குழுவில் சேர்ந்து காங்கோ ரும்பா வாசித்தார். கலப்பிசை என்றதும் இரண்டு வகைகளை ஒட்டவைப்பது என்றே பலர் எண்ணுகிறார்கள். திபாங்கோவிடம் ஒட்டிய தடம் தெரியாததற்கு, ஒவ்வொரு இசைக்குள்ளும் அவர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருந்தது காரணம்.

நியூயார்க்கில் டேவிட் மன்குசோ தம் விருந்துகளில் இந்தத் தட்டை ஒலிக்கவிட்டார். கேட்டவர்கள் கடைகளுக்கு ஓடினர். தட்டு கிடைக்காததால் வேறு குழுக்கள் அவசரமாகத் தம் பதிப்புகளை வெளியிட்டன. அட்லாண்டிக் நிறுவனம் உரிமை பெற்று வெளியிட்டபின், 1973-இல் மூலப்பாடல் பில்போர்டு பட்டியலில் 35-ஆம் இடத்தை எட்டியது. இதை முதல் டிஸ்கோ பாடல் என்று சொல்வது வழக்கம். அது மிகை, டிஸ்கோவின் சீரான நான்கடித் தாளம் இதில் இல்லை. நடன அரங்கம் ஒரு பாடலைத் தூக்கிவிட முடியும் என்பதற்கு முன்னோடி என்பதே பொருத்தம்.

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ (1982) தொகுப்பின் முதல் பாடல் அந்த உடைந்த அசைகளைச் சற்றே மாற்றி எடுத்துக்கொண்டது. திபாங்கோ உரிமை கோரினார். நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. 2007-இல் ரிஹானாவின் பாடலிலும் அதே அசைகள் வந்தன. 2009-இல் பாரிசில் மீண்டும் வழக்கு. பணமும் பெயரும் மட்டுமல்ல இங்கே சிக்கல். ஜாக்சனின் பாடலில் டுவாலா பேஸ் இல்லை. ஒரு நகரத்து நடனத்தின் பெயர், பொருளற்ற இனிய ஒலியாக உலகெங்கும் பாடப்படுகிறது. அந்த ஒலியை அறிந்த கோடிக்கணக்கானோரில் பெரும்பாலானவர்கள் மகோசா ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

திபாங்கோ 2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் பிரான்சில் காலமானார்.