கோடு விழாத நோயாளிகள்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் புற்றுநோய் வருவது பெருநகரங்களைவிடச் சற்றுக் குறைவு; அதனால் இறப்பதோ அதிகம். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு லட்சம் பேருக்குக் கிராமங்களில் 180 பேரும் பெருநகரங்களில் 158 பேரும் இறந்தார்கள். காரணங்கள் பல, அவற்றில் ஒன்று தூரம். கதிர்வீச்சு சிகிச்சை வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்களுக்கு நீளும். சில நிமிடக் கதிருக்காகத் தினமும் மணிக்கணக்கில் கார் ஓட்ட முடியாதவர் பாதியில் நிறுத்திவிடுகிறார், அல்லது தொடங்குவதே இல்லை.

இந்தத் தூரத்தை மைல் கணக்கில் மட்டும் அளந்தால் போதாது என்பதுதான் வலையமைப்புப் பகுப்பாய்வின் அடிப்படை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பில்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் பார்த்திருந்தால் அவர்களுக்கிடையே ஒரு கோடு. இப்படி லட்சக்கணக்கான பில்களிலிருந்து, யார் யாரோடு நோயாளிகளைப் பகிர்கிறார்கள் என்ற படம் எழுகிறது.

இந்த முறையின் ஆகச் சிறந்த பயனாக நான் கருதுவது, நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மவுத் ஆய்வாளர்கள் 2021இல் முன்வைத்த அளவீடு. ஒரு புற்றுநோய் நிபுணரோடு நோயாளிகளைப் பகிரும் மற்ற மருத்துவர்களுக்கு அதே துறையில் வேறு எவரோடும் தொடர்பு அரிதாக இருந்தால், அவரை அச்சாணி மருத்துவர் என்று அது அடையாளம் காண்கிறது. மாவட்டத்துக்கு இத்தனை நிபுணர்கள் என்ற பட்டியல் இதைச் சொல்லாது. பட்டியலில் இருவர் இருக்கலாம். ஆனால் சுற்றுவட்டாரக் குடும்ப மருத்துவர்கள் எல்லோரும் ஒருவரையே நம்பியிருக்கலாம். அவர் ஓய்வுபெற்றால் உடைவது ஒரு பணியிடம் மட்டுமல்ல, ஒரு வட்டாரத்தின் பரிந்துரைப் பாதை முழுவதும். அவர் போகும் முன்பே மாற்று ஏற்பாடு செய்ய இந்தப் படம் வழிகாட்டும்.

இனிக் குறைகள். நோயாளிகள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதை வைத்துப் புற்றுநோய்ச் சேவை எல்லைகளையும் வரைகிறார்கள். மாவட்ட எல்லையைவிட இது வாழ்க்கைக்கு நெருக்கமானது, உண்மை. ஆனால் வேறு வழியில்லாமல் போன பாதையும் விரும்பித் தேர்ந்த பாதையும் அந்தப் படத்தில் ஒரே கோடுதான். அதை அப்படியே திட்ட எல்லையாக்கினால், இன்றைய இல்லாமை நாளைய விதியாகிவிடும்.

தரவிலும் ஓட்டை உண்டு. மெடிகேர் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. நாற்பதுகளில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண் இதில் அநேகமாக இருக்கமாட்டார். முதியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இப்போது தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இருக்கிறார்கள். பெரும்பாலான ஆய்வுகள் மரபான மெடிகேர் பில்களையே நம்புவதால் அவர்களும் விடுபடுகிறார்கள். குடும்ப மருத்துவர் தொலைபேசியில் நிபுணரிடம் கேட்ட யோசனையும், அண்டை வீட்டுக்காரர் காரில் கூட்டிப்போனதும் எந்தப் பில்லிலும் வராது. கிராமத்துச் சிகிச்சையைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, யாரிடமும் போகாதவருக்குக் கோடே விழுவதில்லை என்பது. அணுகலைப் பற்றிய ஆய்வில், அணுகவே முடியாதவர் காணாமல் போகிறார். அடர்த்தியான கோடுகளைப் பார்த்து நிதி ஒதுக்கினால், ஏற்கெனவே வழி உள்ளவர்களுக்கே மேலும் வழி கிடைக்கும். இதைச் சிறு தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

முடிவுகளைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. அறுவை நிபுணரும் கீமோதெரபி நிபுணரும் நிறைய நோயாளிகளைப் பகிர்ந்துகொண்ட இடங்களில் குடல் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக ஆய்வுகள் உண்டு. அது தொடர்பு; காரணம் என்று நிரூபணமாகவில்லை. வசதியான மருத்துவமனைகளில் இந்தப் பகிர்வும் நல்ல பலனும் சேர்ந்தே இருக்கலாம்.

ஆனாலும் முறையைக் கைவிட வேண்டியதில்லை. புற்றுநோய்ப் பதிவேட்டையும் மெடிகேர் பில்களையும் இணைத்த சீர்-மெடிகேர் தரவு ஏற்கெனவே இருக்கிறது. அதில், நோய் உறுதியான பிறகும் புற்றுநோய் நிபுணரின் பில் ஒன்றுகூட இல்லாதவர்களைத் தேடியெடுக்க முடியும். அவர்களைக் கோடற்ற புள்ளிகளாகப் படத்தில் முதலில் குறிக்க வேண்டும். அச்சாணி மருத்துவர்களைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை.