நான்கில் ஒரு பங்கு: தமிழாசிரியர்க்கான எண்மக் கருவிப் பயிற்சிகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையவழி வகுப்பிலும் நேரடி வகுப்பிலும் எண்மக் கருவிகளைக் கையாளுவதற்கான ஆசிரியர் பயிற்சிகள் 2020ஆம் ஆண்டுக்குப் பின் பெருகியுள்ளன. இப்பயிற்சிகள் கருவியை இயக்கும் முறையைக் கற்பிக்கும் அளவிற்கு, பாடத்தின் தேவையிலிருந்து கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கற்பிப்பதில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் பாடங்கேட்டல் முறையை அளவுகோலாகக் கொண்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது. தமிழ் இலக்கணம், செய்யுள் ஆகிய இரு பாடப்பகுதிகள் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டு, பயிற்சிக்கான மாற்று அமைப்பொன்று முன்வைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: எண்மக் கருவிகள், ஆசிரியர் பயிற்சி, கலப்புமுறைக் கற்றல், நன்னூல், பாடங்கேட்டல், தமிழ் கற்பித்தல்.

முன்னுரை

2020 மார்ச்சில் நாடு தழுவிய பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது வகுப்பறை திறன்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்தது. தமிழகத்தில் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2021 ஜனவரி 19 அன்று முதன்முறையாகப் பள்ளிக்குத் திரும்பினர். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 2021 நவம்பர் 1 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கூகுள் மீட், ஜூம், கூகுள் வகுப்பறை, கூகுள் படிவம், புலனக்குழு முதலானவை ஆசிரியர்களின் அன்றாடப் புழக்கத்திற்கு வந்தன. அவற்றைக் கற்பிக்கும் இணையவழிப் பயிலரங்குகளும் அவை வழங்கிய மின்சான்றிதழ்களும் அக்காலக் கல்விச்சூழலின் அடையாளங்களாயின.

நேரடி வகுப்புகள் தொடங்கிய பின்னும் இக்கருவிகள் விலகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்ட கலப்புமுறைக் கற்றல் பற்றிய கருத்துக்குறிப்பு, ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியில் கற்பிக்கப்படலாம் என முன்மொழிந்தது. இதனால் ஒரே ஆசிரியர், ஒரே பாடத்தை, இருவகைச் சூழலிலும் நடத்த வேண்டிய நிலை உருவாகியுள்ளது. அந்நிலைக்கு நம் பயிற்சிகள் ஆசிரியரை ஆயத்தப்படுத்துகின்றனவா என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. பயிற்சிகளின் அமைப்பையும் கருவிகளின் இயல்பையும் தமிழ்ப் பாடத்தின் தேவைகளோடு ஒப்பிட்டு நோக்கும் திறனாய்வாக இது அமைகிறது.

அளவுகோல்: பாடங்கேட்டலின் மூன்று படிகள்

13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர், பாடஞ்சொல்லலையும் பாடங்கேட்டலையும் தனித்தனியே வகுத்துக் கூறுகிறார். ஆசிரியர் கூறியதை மாணாக்கன் எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் அவனுக்குக் கிட்டுவது நான்கில் ஒரு பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு பங்கு கிட்டும். எஞ்சிய இரு பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது அவர் கருத்து.

இக்கணக்கை நிறுவப்பட்ட விழுக்காடாகக் கொள்ளுதல் பொருந்தாது. இன்றைய தொழில்நுட்பத்தை நன்னூலார் முன்னரே கண்டார் என உரிமை கொண்டாடுவதும் ஆய்வு நெறியாகாது. கேட்டல், உடன்பயிலல், எடுத்துரைத்தல் என்னும் மூன்று படிகளையும் பிரித்துக் காட்டி, கேட்டலைத் தொடக்கமாக மட்டுமே அவர் கொண்டுள்ளமை இங்கு நமக்குப் பயன்படுகிறது. ஒரு கருவி எந்தப் படிக்கு உதவுகிறது என்று வினவ இப்பகுப்பு வழி தருகிறது.

இவ்வளவுகோலை வைத்து நோக்கும்போது, நம்மிடையே பரவியுள்ள எண்ம ஏற்பாடுகள் பெரும்பாலும் முதற்படியில் நிற்பதைக் காணமுடிகிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களின் கியூஆர் குறியீடுகள் இட்டுச்செல்லும் காணொலிகள், திறன்மிகு வகுப்பறையின் திரை ஆகிய யாவும் பாடஞ்சொல்லலை விரிவாக்குவன. இணைய இணைப்பில்லாத வீட்டிற்கும் பாடத்தைக் கொண்டுசேர்த்த கல்வித் தொலைக்காட்சியின் பங்கு சிறிதன்று. எனினும் அதுவும் கேட்டலுக்கான வாயிலே. ஸ்வயம் தளத்தின் பாடங்கள் காணொலி, வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு என நான்கு கூறுகளாக அமைகின்றன. இவற்றுள் கலந்துரையாடல் இரண்டாம் படிக்கு இடந்தருகிறது. மாணவர் எடுத்துரைக்கும் மூன்றாம் படிக்கு எனத் தனிக்கூறு இல்லை.

பயிற்சிகளின் அமைப்பு

ஆசிரியர் பயிற்சியிலும் இச்சாய்வு தொடர்கிறது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கென 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட நிஷ்தா பயிற்சி, 2020இல் தீக்‌ஷா தளத்தின்வழி இணையத்திற்கு மாறியது. அதன் 18 பாட அலகுகளில் கற்றல், கற்பித்தல், மதிப்பீடு ஆகியவற்றில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை இணைத்தல் ஓர் அலகு. மொழி கற்பித்தல் மற்றோர் அலகு. இரண்டையும் நிறைவுசெய்த ஆசிரியர், இரண்டையும் எங்கே இணைப்பது என்பதைத் தாமே கண்டறிய வேண்டியவராகிறார். மிகப் பெரும் எண்ணிக்கையிலான ஆசிரியர்களைச் சென்றடைய இத்தகைய அலகுப் பகுப்பு நிர்வாக நோக்கில் வசதியானதே. ஆயினும் வகுப்பறையில் மொழியும் கருவியும் தனித்தனி மணிநேரங்களில் வருவதில்லை.

கல்வியியல் கோட்பாடு இப்பிரிவினையை முன்பே சுட்டியுள்ளது. பாடப்பொருளறிவும் கற்பித்தலறிவும் இணையும் இடத்தில் ஆசிரியர்க்கே உரிய தனியறிவு பிறக்கிறது என்பதை 1986இல் லீ ஷுல்மன் எடுத்துக்காட்டினார். அவ்விணைப்பில் தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து, மூன்றும் சந்திக்கும் இடமே பயிற்சியின் இலக்காக வேண்டும் என 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் வாதிட்டனர். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட ஆசிரியர்க்கான தொழில்நுட்பத் திறன் சட்டகமும் ஆறு கூறுகளைக் கொண்டது. எண்மத் திறன்களைப் பயன்படுத்துதல் அவற்றுள் ஒன்று மட்டுமே. பாடத்திட்டமும் மதிப்பீடும், கற்பித்தல் முறை ஆகியன அதற்கு இணையான கூறுகள். இக்கோட்பாடுகள் நம் கருத்தரங்க உரைகளில் எடுத்தாளப்படுகின்றன. பயிற்சி நாளன்று நிகழ்வதோ கணக்குத் தொடங்குதல், இணைப்பை அனுப்புதல், திரையைப் பகிர்தல், படிவம் உருவாக்குதல் என்னும் வரிசையே. இவற்றைக் கற்றல் இன்றியமையாதது. இவற்றோடு நின்றுவிடுவதே குறை.

இலக்கண வகுப்பும் தானியங்கி மதிப்பீடும்

கருவிக்கும் பாடத்திற்கும் உள்ள உறவைப் புணர்ச்சிப் பாடத்தின்வழி காணலாம். விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்து, வாழைப்பழம், பொற்குடம், மரவேர் எனச் சான்று காட்டுவது வழக்கம். இதனைக் கூகுள் படிவத்தில் பலவுள் தெரிவு வினாவாக்குதல் எளிது. விடைகள் உடனுக்குடன் திருத்தப்படும். மதிப்பெண் பட்டியலும் கிடைக்கும்.

ஆனால் மரம், கிளை என்னும் சொற்கள் புணர்ந்து மரக்கிளை என்றாகும்போது மகரமெய் கெடுகிறது, ககரமெய் தோன்றுகிறது. ஒரே புணர்ச்சியில் இரு விகாரங்கள் நிகழ்கின்றன. ஒன்றை மட்டும் தெரிவுசெய்யச் சொல்லும் வினா வடிவத்தில் இச்சான்று அடங்குவதில்லை. ஆகவே கேட்கப்படாமலே போகிறது. கருவிக்குள் அடங்கும் சான்றுகள் மட்டுமே வினாக்களாக, காலப்போக்கில் வினாவில் வருவதே இலக்கணம் என்னும் எண்ணம் மாணவரிடம் நிலைபெறுகிறது.

குறுவிடை வினாவிலும் இடர் உண்டு. பொன், குடம் ஆகியவற்றைச் சேர்த்தெழுதச் சொன்னால் ஒரு மாணவர் ‘பொன்குடம்’ என்று எழுதலாம். மற்றொருவர் இடைவெளி விட்டுப் ‘பொற் குடம்’ என்று எழுதலாம். முதலாமவர் விதியை அறியாதவர். இரண்டாமவர் விதியை அறிந்து, சேர்த்தெழுதும் மரபில் தவறியவர். ஆசிரியர் இட்ட விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி இருவருக்கும் ஒரே சுழியத்தை வழங்குகிறது. கையெழுத்து விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை ஒரு நொடியில் கண்டுகொள்வார்.

இதற்கான தீர்வும் அதே கருவியில் உள்ளது. ஏற்கத்தக்க விடைகள் பலவற்றை முன்கூட்டியே இடலாம். மாணவர் எழுதிய விடைகள் அனைத்தையும் விரிதாளில் ஒருசேரப் பார்த்து, பிழைகளை வகைப்படுத்தி, அடுத்த நேரடி வகுப்பை அப்பிழைகளிலிருந்தே தொடங்கலாம். ‘படித்தான்’ என்பதைப் படி, த், த், ஆன் எனப் பிரிப்பதற்கு மாறாகப் படித்து, ஆன் எனப் பிரித்தவர் எத்தனை பேர் என்பது தெரிந்தால், சந்தியும் இடைநிலையும் அவர்களுக்கு விளங்கவில்லை என்பது தெரிந்துவிடும். மதிப்பெண்ணைத் தரும் கருவி இவ்வாறு பிழையைக் காட்டும் கருவியாகிறது. படிவம் உருவாக்கக் கற்பிக்கும் பயிற்சி, படிவத்தில் விழுந்த பிழைகளை வாசிக்கவும் கற்பித்தல் வேண்டும்.

செய்யுள் வகுப்பும் ஓசையும்

செய்யுள் வகுப்பின் இடர் வேறுவகைப்பட்டது. ஆசிரியர் ஓரடியைச் சீர்பிரித்துச் சொல்ல, வகுப்பு முழுதும் சேர்ந்து திருப்பிச் சொல்லுதல் நேரடி வகுப்பின் தொன்றுதொட்ட முறை. கூச்சமுடைய மாணவரும் கூட்டுக்குரலின் மறைவில் வாய்திறப்பார். இணையவழிச் சந்திப்பில் இம்முறை இயலாது. ஒவ்வொரு குரலும் வெவ்வேறு காலத்தாழ்வோடு வந்து சேர்வதாலும், பின்னணி ஒலியைக் குறைக்கும் அமைப்பு பல குரல்களை ஒருங்கே வெளிப்படவிடாமையாலும் ஓசை சிதைகிறது. எனவே அனைவரின் ஒலிவாங்கியும் அணைக்கப்படுகிறது. ஆசிரியர் மட்டும் வாசிக்கிறார். செய்யுள் மாணவர் வாயிலிருந்து நீங்கிக் காதளவில் நின்றுவிடுகிறது.

இங்கும் கருவியை மாற்றினால் வழி பிறக்கிறது. நேரலையில் இயலாதது பதிவில் இயலும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாடலை ஒரு மணித்துளி அளவில் வாசித்துக் குரற்பதிவாகப் புலனத்தில் அனுப்பலாம். லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும் எவருக்கு அமையவில்லை என்பதை ஆசிரியர் மீண்டும் மீண்டும் கேட்டு அறியலாம். 60 பேர் கொண்ட நேரடி வகுப்பின் கூட்டொலியில் இத்தனிக் குரல் கேட்காது. அதே வேளையில் 60 பதிவுகளைக் கேட்பதற்கு ஒரு மணிநேரம் வேண்டும். வாரம் 10 பேர் என முறைவைத்தால் 6 வாரங்களில் அனைவரும் ஒருமுறை கேட்கப்படுவர். இத்தகைய காலக்கணக்கும் பயிற்சியின் பகுதியாதல் வேண்டும். ஆசிரியரின் நேரத்தைக் கணக்கில் கொள்ளாத பரிந்துரை நடைமுறைக்கு வாராது.

மாற்று அமைப்பு

மேற்கண்டவற்றின் அடிப்படையில், பயிற்சி கருவியிலிருந்து தொடங்காமல் ஒரு பாட அலகிலிருந்து தொடங்குமாறு அமைதல் நலம். ஆசிரியர்கள் தாம் அடுத்த வாரம் நடத்தவிருக்கும் பாடத்தோடு பயிற்சிக்கு வரவேண்டும். அப்பாடத்தில் கேட்க வேண்டுவது எது, உடன்பயில வேண்டுவது எது, மாணவர் எடுத்துரைக்க வேண்டுவது எது என முதலில் பிரித்துக்கொண்டு, பின்னரே கருவியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

சான்றாக, புணர்ச்சிப் பாடத்தில் விதியை விளக்கும் பத்து மணித்துளிக் காணொலியை வகுப்பிற்கு முன்னரே வழங்கலாம். இது கேட்டல். நேரடி வகுப்பில் நால்வர் கொண்ட குழுக்கள் பாடநூலின் ஒரு பக்கத்திலிருந்து புணர்ச்சிகளைத் திரட்டி வகைப்படுத்தலாம். இணையவழியில் இதனையே பகிரப்பட்ட ஆவணம் ஒன்றில் செய்யலாம். இது உடன்பயிலல். பின்னர் ஒவ்வொரு குழுவும் தனக்கு ஐயமளித்த ஒரு சொல்லை, கீழ்வகுப்பு மாணவருக்குச் சொல்வதுபோல் இரண்டு மணித்துளி விளக்கிப் பதிவுசெய்யலாம். இது எடுத்துரைத்தல். நேரடி வகுப்பில் இதற்கு ஆசிரியரின் திறன்பேசி ஒன்றே போதும். இவ்வாறு அமையும்போது இணையவழி, நேரடி என்னும் வேறுபாடு கருவித் தெரிவில் மட்டும் நிற்கிறது. பாடத்தின் கட்டமைப்பு மாறுவதில்லை.

எதிர்வாதங்கள்

அடிப்படைத் திறனே இல்லாத ஆசிரியரிடம் பாட இணைப்பைப் பேசுதல் பயன்தருமா என வினவலாம். தமிழ்த் தட்டச்சில் பழக்கமில்லாதவர்க்குப் படிவம் உருவாக்குதலே மலைப்பாகத் தோன்றும் என்பது உண்மை. ஆயினும் தம் பாடத்திற்குத் தேவையான ஐந்து வினாக்களைத் தட்டச்சு செய்யும்போதே தட்டச்சும் பழகும். பயிற்சிக்கென ஆக்கிய மாதிரி வினாக்களால் விளையும் பழக்கம் அந்நாளோடு முடிந்துவிடக்கூடும்.

வீட்டிலுள்ள ஒரே திறன்பேசியை மூவர் பகிரும் சூழலில் இவை எவ்வாறு இயலும் என்பது இதனினும் வலிய வினா. பயிற்சியால் இவ்விடரைத் தீர்க்க இயலாது. எனவே இணையத்தில் ஒரே நேரத்தில் அனைவரும் கூடுவதைக் கட்டாயமாக்கும் செயல்களைக் குறைத்து, மாணவர் தமக்குக் கருவி கிட்டும் நேரத்தில் செய்யத்தக்க குரற்பதிவு, குறுங்காணொலி முதலியவற்றை மிகுதிப்படுத்துதல் தகும். கருவியே இல்லாத மாணவர் எடுத்துரைக்கும் வாய்ப்பை நேரடி வகுப்பில் பெறுமாறு பாடத்தைப் பகிர்ந்தமைத்தல் ஆசிரியரின் கடமை. 40 விழுக்காட்டுப் பகுதியில் எதனை வைப்பது என்னும் முடிவு ஆதலால் பாடம் சார்ந்ததாக மட்டும் அமைவதில்லை. எந்த மாணவர் விடுபடுவார் என்பதும் அதில் அடங்கியுள்ளது.

முடிவுரை

எண்மக் கருவிப் பயிற்சிகள் ஆசிரியர்களின் அச்சத்தைப் போக்கி, இடர்க்காலத்தில் கல்வி அறவே அறுபடாமல் காத்தன. அவற்றின் அடுத்தகட்ட வளர்ச்சி பாடத்தோடு இணைவதில் உள்ளது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணிநேரத் தொழில்சார் வளர்ச்சியில் பங்கேற்க வேண்டும் என எதிர்பார்க்கிறது. மணிநேரங்களையும் சான்றிதழ்களையும் எண்ணுதல் எளிது. பயிற்சிக்குப் பின் ஒரு வகுப்பில் மாணவர் பேசிய நேரம் கூடியதா, அவர்தம் பிழைகள் ஆசிரியர்க்கு முன்னினும் தெளிவாகத் தெரிகின்றனவா என்பனவற்றை எண்ணுதல் அரிது. தமிழ்த்துறைகள் தத்தம் பாடத்திட்டத்தின் ஓர் அலகையேனும் எடுத்துக்கொண்டு, இவ்விரு வினாக்களையும் முன்வைத்து வகுப்பறை ஆய்வுகளை மேற்கொள்ளலாம். கேட்டலாகிய ஒரு பங்கிற்குக் கருவிகள் பெருகிவிட்டன. எஞ்சிய மூன்று பங்கிற்கும் அவற்றைப் பயன்படுத்த ஆசிரியர்க்குத் துணைநிற்பதே இனிவரும் பயிற்சிகளின் பணியாகும்.