அச்சம் எனும் மெய்ப்பாடும் 'அம்னீசியா' விளையாட்டும்

காசு கொடுத்து யாராவது பயத்தை வாங்குவார்களா? ஏலக்காயும் மிளகும் வாங்கி விற்றே நாற்பது வருஷத்தைக் கழித்தவன் நான். எனக்கு இது முதலில் வியாபாரக் கேள்வியாகத்தான் தோன்றியது. நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் ராத்திரியில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேய் விளையாட்டு ஆடுகிறார்கள். 'கெட்டுப் போகுதுங்க' என்பது பெரியவர்கள் கட்சி. 'உங்களுக்குப் புரியாது' என்பது பிள்ளைகள் கட்சி. இரு தரப்பையும் கேட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு நூலைப் படிக்காமல் மறுப்பு எழுதுவது நம் மரபில்லை. நீலகேசி ஆசிரியர் எதிர்ச்சமயத்தார் கொள்கைக்கும் இடம் கொடுத்த பிறகே மறுப்புக்குப் போகிறார். அந்த முறைப்படி, விடுமுறைக்குப் பாலக்காடு வந்த பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு விளையாட்டை முழுக்க ஆடி முடித்தேன். அதன் திறனாய்வே இக்கட்டுரை.

விளையாட்டின் அமைப்பு

எடுத்துக்கொண்டது 'அம்னீசியா: த டார்க் டிசென்ட்'. சுவீடன் நாட்டு ஹெல்சிங்பொர்க் நகரத்தைச் சேர்ந்த பிரிக்‌ஷனல் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2010 செப்டம்பரில் வெளியிட்டது. பழைய சரக்குதான். ஆனால் பின்னால் வந்த பேய் விளையாட்டுகள் பலவற்றுக்கு இது மூலபாடம் போன்றது.

கதை 1839-இல் பிரஷ்யாவில் பிரென்னன்பர்க் என்ற கோட்டையில் நடக்கிறது. டேனியல் என்ற லண்டன் இளைஞன் கண் விழிக்கிறான். எதுவும் நினைவில்லை. அவன் கையாலேயே எழுதிய கடிதம் ஒன்று கிடைக்கிறது. மறதி மருந்தை விரும்பிக் குடித்தவன் அவனேதான். கோட்டையின் உள்ளறைக்குப் போய் அலெக்சாண்டர் என்ற கிழவரைக் கொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே எழுதி வைத்திருக்கிறான். பின்னால் நிழல் ஒன்று துரத்தி வருகிறது.

டேனியலின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. அவன் கண் வழியாகத்தான் எல்லாம். கதவு திறக்க வேண்டுமானால் மவுஸை அழுத்திப் பிடித்து, நம் கையால் இழுக்கிற மாதிரியே இழுக்க வேண்டும். மெதுவாகத் திறந்து இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கலாம். அவசரத்தில் இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பதும் நடக்கும். இந்தச் சின்ன ஏற்பாடு பயத்தில் பாதியைக் கொண்டுவந்துவிடுகிறது.

முக்கியமான சங்கதி, ஆயுதம் கிடையாது. இதே நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு 'பெனும்ப்ரா' விளையாட்டில் சுத்தியலை வீசி அடிக்க இடமிருந்தது. 2008-இல் வந்த அடுத்த பாகத்தில் சண்டையை எடுத்துவிட்டார்கள். 'அம்னீசியா'வில் ஒரு கத்திகூட இல்லை. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். 'தாத்தா, சண்டை போடத் தேடாதீங்க, அலமாரிக்குள்ள போயிருங்க' என்று பேரன் முதல் ராத்திரியே சொல்லிக்கொடுத்தான்.

இருட்டில் நின்றால் டேனியலின் புத்தித் தெளிவு குறையும். வெளிச்சத்துக்கு வந்தால் குறைவது நிற்கும். லாந்தர் எண்ணெயோ அளவுதான், சிக்கிமுக்கிப் பெட்டியும் அளவுதான். வெளிச்சத்தில் நின்றால் உருவங்கள் நம்மைப் பார்த்துவிடும். இருட்டில் பதுங்கினால் புத்தி கலங்கும். வரவையும் செலவையும் இப்படி எதிரெதிரே நிறுத்திய ஆசிரியனுக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது.

நான்கு அச்சங்கள்

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்த நாலு படியையும் வைத்து விளையாட்டை அளந்தேன்.

துரத்தி வரும் நிழல் அணங்கு. அதற்கு உருவமில்லை. கோட்டையில் உறுமிக்கொண்டு தள்ளாடித் திரியும் சிதைந்த வேலைக்காரர்கள் விலங்கு இனம். அவர்களை ஏவும் அலெக்சாண்டர் பிரபு இறை. நம் பக்கத்து ஒடியன் கதைகளிலும் இந்த அமைப்பு உண்டல்லவா? ராத்திரியில் மாடாகவும் எருமையாகவும் உருமாறி வருகிறவன் ஒடியன். ஆனால் அவனை ஏவியவர்கள் ஜன்மிகள் என்றுதான் பாலக்காட்டுப் பக்கம் கதை சொல்கிறார்கள். அணங்குக்குப் பின்னால் ஒரு இறை நிற்கிறது. மலம்புழைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்து முடித்த யட்சியைப் பாருங்கள். அத்தனை பெரிய உருவம், ஆனால் குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு அதன் காலடியில் நிற்கிறார்கள். நல்ல வெயிலில் நிற்கிற அணங்கு, ஏவுவார் யாருமில்லை, அதனால் அச்சமும் இல்லை.

நான்காவதான கள்வரைத் தேடினேன். அது டேனியல்தான். அல்ஜீரியாவில் ஒரு பழங்கல்லறைக்குள் இருந்த உருண்டையை எடுத்துவந்தவன் அவன். நிழல் அதனால்தான் துரத்துகிறது. அஞ்சுகிறவனே கள்வன் என்று கதையை மடித்திருப்பது இந்த விளையாட்டின் மிகச் சிறந்த புத்தி.

உரைகாரர்கள் காட்டும் நுட்பம் ஒன்றும் இங்கே உதவும். பேயைக் கண்டு ஒருவன் அஞ்சி ஓடுகிறான். ஓடுகிறவனைப் பார்ப்பவனுக்கு வருவது அச்சமல்ல, சிரிப்போ இரக்கமோதான். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் இது சரி. பிறர் இந்த விளையாட்டை ஆடி அலறும் வீடியோக்களைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும் இதனால்தான். ஆனால் மவுஸ் நம் கைக்கு வந்தவுடனே காண்போனும் அஞ்சுவோனும் ஒருவனாகிவிடுகிறான். இந்தச் சாதனத்தின் தனிப் பெருமை அது. அடித்தள ஆவணச் சாலைப் பகுதியில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் ஏதோ ஒன்று இருக்கிறது, உருவம் தெரியாது. தண்ணீர் தெறிப்பது மட்டும் நம்மை நோக்கி வரும். பெட்டி மேல் ஏறி நின்று, மாமிசத் துண்டை வேறு பக்கம் எறிந்து, தாவி ஓட வேண்டும். மாமிசம் தொடாத பரம்பரையில் வந்தவன் மாமிசத்தை எறிந்து உயிர் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கணம் கை நின்றது. தெறிப்பு நெருங்கியது, எறிந்தேன். இதைத் திரையில் ஒருவன் செய்வதாகப் பார்த்திருந்தால் என் கை நின்றிருக்குமா?

குறையும் உண்டு. பிடிபட்டால் விளையாட்டு நம்மை மறுபடி எழுப்பிவிடுகிறது. இரண்டு மூன்று முறை பிடிபட்டபின் அச்சம் போய்ச் சலிப்பு வந்துவிடுகிறது. சாவு மலிந்தால் பயத்துக்கு விலை இல்லை.

சுடுகாட்டில் இருவர்

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மணிமேகலை ஆறாம் காதையான சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் பாருங்கள். சார்ங்கலன் என்ற இளைஞன் தனியே சுடுகாட்டுக்குள் போகிறான். எரிக்கிறவையும் புதைக்கிறவையும், நரிக்குரல், கோட்டான் குரல் எல்லாம் ஒவ்வொன்றாக வருகின்றன. தலை ஒன்றை ஏந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு, ஓடிவந்து தாய் கோதமையிடம் சொல்லி உயிர் விடுகிறான். கோதமை சம்பாபதித் தெய்வத்தை அழைத்து நியாயம் கேட்கிறாள். தெய்வம் தரும் பதிலின் கருத்து இதுதான்: அணங்கோ பேயோ உயிரை உண்பதில்லை, இவன் பேதைமை இடமாக ஊழ்வினை வந்து உண்டது. பௌத்த நூலாயிற்றே என்று நான் ஒதுக்கவில்லை. அச்சத்துக்கு இவ்வளவு தெளிவான விசாரணை வேறெங்கே?

எங்கள் நீலகேசியில் இன்னொரு சுடுகாடு, பாலாலயம். காளிக்குப் பலி கொடுக்க ஆடு கொண்டுவந்தவர்களிடம், உயிரைக் கொல்லாமல் மண்ணால் செய்த ஆடுகளை வையுங்கள் என்கிறார் முனிச்சந்திர முனிவர். காளியால் அவரை எதிர்க்க முடியவில்லை. தெற்கே பழையனூர் நீலியை உதவிக்கு அழைக்கிறாள். நீலி வந்து பயங்கர உருவங்களும் சத்தங்களும் காட்டுகிறாள். முனிவர் கையில் ஆயுதம் இல்லை, ஒளிய அலமாரியும் இல்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு அரசகுமாரி வேடத்தில் வந்து மயக்கப் பார்க்கிறாள். அவளை இன்னாள் என்று அறிந்துகொள்கிறார். கடைசியில் அந்தப் பேயே அறம் கேட்டு, பத்துச் சருக்கக் காப்பியத்துக்குத் தலைவியாகிறது. இந்நூலை வாமன முனிவர் உரையோடு 1936-இல் பதிப்பித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்.

இரண்டிலும் ஆயுதமில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். 'அம்னீசியா'வில் கொடிய உருவத்தைப் பார்த்தாலே புத்தி கலங்கும், அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் மும்மணிகளில் முதலாவது நற்காட்சி. முனிச்சந்திரர் பார்த்து, இன்னதென்று அறிந்ததால் வென்றார். இந்த விளையாட்டு காட்சியையே ஆபத்தாக்கிவிட்டது. எனினும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பூட்டிய வழிக்கு ஒரு விடை கண்டுபிடித்தால் டேனியலின் தெளிவு திரும்புகிறது. பார்வையால் போவது அறிவால் வருகிறது. பாதி வழி வந்திருக்கிறார்கள்.

மறதி தீர்க்காத கணக்கு

கோட்டையில் சிதறிக் கிடக்கும் டைரித் தாள்களைப் படிக்கப் படிக்க உண்மை வெளிவருகிறது. நிழலிலிருந்து தப்புவதற்காக, அலெக்சாண்டர் பேச்சைக் கேட்டு, அடைபட்ட மனிதர்களைச் சித்திரவதை செய்தவன் டேனியல். எல்லாரும் குற்றவாளிகள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். தப்பி ஓடிய ஒரு சிறுமியையும் கொன்றான். இதையெல்லாம் மறக்கத்தான் மருந்து குடித்தான்.

பேரேட்டைக் கொளுத்திவிட்டால் கடன் தீருமா? கொடுக்க வேண்டியவன் மறந்தாலும் வாங்க வேண்டியவன் மறக்கமாட்டான். வினை பற்றி எங்கள் நூல்கள் சொல்வதும் அதுவே. நினைவு அழிவதால் ஒட்டிய வினை உதிராது. செய்ததைத் திரும்பிப் பார்ப்பதற்குப் பிரதிக்கிரமணம் என்று பெயர். டேனியல் விரும்பாமல் செய்யும் பிரதிக்கிரமணமாகவே முழு விளையாட்டையும் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன், பன்னிரண்டு ராத்திரி உட்காரவைத்ததும் அதுதான்.

முடிவில்தான் கை நழுவுகிறது. மூன்று முடிவுகள். தூண்களைத் தள்ளி அலெக்சாண்டரைத் தடுத்தால், நிழல் அவரை முடித்துவிட்டு டேனியலை விட்டுவிடுகிறது. அவன் கணக்கு தீர்ந்தவன் போல வெயிலில் நடந்து போகிறான். சும்மா நின்றால் அலெக்சாண்டர் தப்பிக்க, டேனியல் மாள்கிறான். அக்ரிப்பா என்ற பழைய அறிஞரின் தலையை வாயிலுக்குள் எறிந்தால், டேனியல் மாண்டாலும் அவரால் மீட்கப்படுகிறான். மூன்றிலும் செத்தவர்களை நோக்கி ஒரு மன்னிப்பு கிடையாது. பழி ஒருவர் மேல் போனதும் வரவு சரியாகிவிட்டதாக ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். முதலாளி சொன்னான், செய்தேன் என்பது எந்தச் சபையிலும் எடுபடாத வாதம். இவ்வளவு ஆழமான கேள்வியை எழுப்பிவிட்டு இப்படிச் சுளுவாக முடித்தது பெருங்குறை.

வாங்குவது எதை?

முதல் கேள்விக்கு வருகிறேன். நமக்குப் பயம் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இடுக்கியில் சின்னக்கானல் பக்கத்துத் தோட்டத் தமிழர்களைக் கேளுங்கள். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் எல்லை தாண்டிக் கம்பத்துக்கே வந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அந்த மாதங்களில் கம்பத்துக்கும் குமுளிக்கும் சரக்கு விஷயமாகப் போன எனக்கு விலங்கு அச்சம் எதுவென்று தெரியும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து, லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேரைக் கொண்டுபோனது. எங்கள் நூல்கள் ஏழு பயங்களை எண்ணும்போது ஆகஸ்மிக பயம், அதாவது திடீரென்று வருவது, என்று ஒன்றைத் தனியே வைத்திருப்பதன் பொருள் அன்று புரிந்தது. அந்தக் குடும்பங்களின் முன்னால் 'அம்னீசியா'வைப் பயம் என்று சொல்ல நாக்கு கூசும்.

வண்டன்மேடு புற்றடி ஏலத்தில் மூட்டையை அவிழ்ப்பதில்லை. தட்டில் மாதிரி வரும். உருட்டிப் பார்த்து, நசுக்கி மணம் பார்த்து, அதை வைத்து மூட்டையை மதிப்போம். இந்த விளையாட்டும் அச்சத்தின் மாதிரிச் சரக்குதான். பிள்ளைகள் காசு கொடுப்பது நஷ்டமில்லாத ஒரு கைப்பிடி அச்சத்துக்கு. ஆயுதமில்லாமல் இருட்டில் நிற்கும்போது நான் என்ன செய்வேன் என்று ஒரு பிள்ளை தன்னையே கேட்டுப் பார்க்குமானால் அது வீண் செலவல்ல. கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மாதிரி பார்க்கவும் பழக்கம் வேண்டும். சித்திரவதைக் காட்சிகள் உள்ளதால் சின்னப் பிள்ளைகளுக்கு இது ஆகாது. பதினாறு பதினேழு வயதுக்கு மேல் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து ஆடுவது நல்லது.

இங்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷும் படிக்கிறார்கள். சார்ங்கலனும் நீலியும் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. டேனியலைத் தெரிகிறது. அதில் வருத்தப்பட்டுப் பயனில்லை, டேனியல் வழியாகவே அவர்களை அழைத்து வரலாம். விளையாட்டை முடித்த அடுத்த ராத்திரி பேரனுக்குப் பாலாலயத்துக் கதையைச் சொன்னேன். 'அந்த முனிவரா நாம ஆடினா எப்படி ஜெயிக்கிறது தாத்தா? அசையாம இருக்கணுமா?' என்று கேட்டான். 'அசையாம இருந்து, வந்தது யாருன்னு கண்டுபிடிக்கணும்' என்றேன். கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது அப்படி ஒரு விளையாட்டைச் செய்ய முன்வந்தால், நீலகேசி மூலமும் உரையும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. வந்து எடுத்துப் போகலாம், உட்கார்ந்து பாடம் சொல்லவும் தயாராக இருக்கிறேன்.