ஏமியபிள் என்றால் 'இனிமையான' மட்டும்தானா?

'ஏமியபிள்' என்ற ஆங்கிலப் பெயரடையை இன்றைக்குப் பேச்சில் அதிகம் கேட்க முடியாது. ஜேன் ஆஸ்டின் நாவலைக் கையில் எடுத்தால் மட்டும் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். பொருள் தேடி ஒத்தசொல் அகராதியைத் திறந்தால் கிடைப்பது ஒரு பட்டியல்: ஃபிரெண்ட்லி, ஜீனியல், அஃபபிள், ப்ளெசன்ட், அக்ரீயபிள். எதிர்ச்சொல்லாக சர்லி, ஹோஸ்டைல். பரீட்சைக்கு இது தாராளம். ஆனால் ஆஸ்டினைப் படிக்கிறவரை இந்தப் பட்டியல் தப்பான வழியில் அனுப்பிவிடும் என்பது என் கட்சி.

சில்லறை வேறுபாடுகளை முதலில் முடித்துவிடுவோம். ஏமியபிளும் 'அமிகபிளும்' பிற்கால லத்தீனில் ஒரே வேரிலிருந்து வந்த பங்காளிகள். ஆனால் ஒரு விவாகரத்து அமிகபிளாக முடியும். மனிதரை அப்படிச் சொல்வதில்லை. 'அஃபபிள்' என்பது 'பேசுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய வழக்கில், மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் முகங்கொடுத்துப் பேசுவதற்கு அது பொருத்தமான சொல். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாவலில் டார்சி ஏழைகளிடம் எப்படி இருப்பார் என்று சொல்ல, அவர் மாளிகையை நிர்வகிக்கும் அம்மாள் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்.

வில்லங்கம் 'அக்ரீயபிளில்' இருக்கிறது. பட்டியல் இதை ஏமியபிளுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி பக்கத்திலேயே உட்கார வைக்கிறது. ஆஸ்டினோ இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே ஒரு விவாதம் எழுதியிருக்கிறார்.

1815 டிசம்பரில் வெளிவந்த 'எம்மா' நாவலில், முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம். ஃபிராங்க் சர்ச்சில் என்ற இளைஞன், மறுமணம் செய்துகொண்ட தன் அப்பாவைப் பார்க்க வராமல் சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கடிதம் மட்டும் பிரமாதமாக எழுதுகிறான். எம்மா அவனுக்காகப் பரிந்து பேசுகிறாள். நைட்லி ஒத்துக்கொள்வதில்லை. அவன் பிரெஞ்சு மொழியில் வேண்டுமானால் ஏமியபிளாக இருக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது என்கிறார். நல்ல பழக்கவழக்கம் இருக்கிறது, ரொம்ப அக்ரீயபிளும்கூட. ஆனால் அடுத்தவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்க்கிற நுட்பம் அவனிடம் இல்லை என்பது அவர் வாதம்.

நைட்லி அதுவரை அவனை நேரில் பார்த்ததே இல்லை. பொறாமையில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிடலாம்; பொறாமையும் இருக்கத்தான் செய்கிறது. பிரெஞ்சுக்காரர்களை இழுத்ததும் நியாயமில்லை. வாட்டர்லூ போர் முடிந்த வருஷம் வந்த புத்தகம், அந்த வாடை இருக்கும். ஏமியபிள் என்ற சொல்லே பழைய பிரெஞ்சு வழியாக வந்ததுதான் என்பது தனி வேடிக்கை! இருந்தாலும் அவர் போட்ட கோடு சரியான கோடு என்றுதான் எனக்குப் படுகிறது. அக்ரீயபிளாக இருக்க எதிரில் ஒரு ஆள் இருந்தால் போதும். ஏமியபிளாக இருக்க, கண் முன்னால் இல்லாத அப்பாவும் நினைவில் இருக்க வேண்டும்.

இதை மனதில் வைத்து 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸை' மறுபடி புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். 27-ஆம் அத்தியாயத்தில் எலிசபெத்துக்கு ஏமியபிளின் இலக்கணமே விக்கம்தான். அதுவும், பத்தாயிரம் பவுண்டு சொத்து வந்த ஒரு பெண்ணின் பக்கம் அவன் சாய்ந்த பிறகு! 59-ஆம் அத்தியாயத்தில் அப்பாவிடம் அதே சொல்லை டார்சிக்குச் சொல்கிறாள், குறையில்லாத ஏமியபிள் என்று. டார்சி யாரிடமும் சட்டென்று பழகத் தெரியாத ஆள். நாவல் முழுக்க அந்த ஒரு சொல் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குக் கை மாறுகிறது. 'இனிமையான' என்று பொருள் எழுதி வைத்துக்கொண்டு படித்தால், எலிசபெத் என்னமோ உளறுகிறாள் என்றுதான் தோன்றும்.

எதிர்ச்சொல் கதையும் இதுதான். அரிஸ்டாட்டில் தன் அறநூலின் நான்காம் புத்தகத்தில் நட்பைப் போன்ற, பெயரில்லாத ஒரு நற்குணத்தைப் பேசுகிறார். அதற்கு இரண்டு பக்கமும் எதிரி: ஒரு பக்கம் எரிந்து விழுகிறவன், மறுபக்கம் எல்லாரையும் குளிர்விக்கிறவனும் காரியத்துக்காக முகஸ்துதி பாடுகிறவனும். நம் பட்டியலில் முதல் எதிரி மட்டும்தான். இரண்டாமவன் நைசாக ஒத்தசொல் வரிசைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். அலஸ்டேர் மெக்கின்டயர் 'ஆஃப்டர் வர்ச்யூ' (1981) நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அரிஸ்டாட்டில் சொல்வது அக்ரீயபிள்தன்மைதான். ஆஸ்டினுக்கு அது ஏமியபிளின் போலி, அசலுக்கு மனிதர்கள் மேல் உண்மையான பிரியம் வேண்டும் என்பது அவர் வாசிப்பு. நான் அவர் பக்கம்.

தமிழில் இந்த வித்தியாசம் அகராதியில் இல்லாவிட்டாலும் பேச்சில் இருக்கிறது. 'தங்கமான மனுஷன்' என்பதும் 'சிரிச்சு சிரிச்சுப் பேசுவான்' என்பதும் ஒன்று என்று யாரும் நினைப்பதில்லை. மொழிபெயர்க்கிறவர்கள் 'இனிய சுபாவம்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்தாமல் இந்தப் பக்கம் கொஞ்சம் பார்க்கலாம்.

இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் மெலிந்துபோய்விட்டது. யாருக்கும் தொந்தரவில்லாத அசடு, ஆளை மயக்கும் போக்கிரி, இவர்களுக்கு முன்னால்தான் அது அதிகம் ஒட்டிக்கொள்கிறது. விக்கமுக்கு இப்போது கச்சிதமாகப் பொருந்தும். டார்சிக்குப் போட்டால் இன்றைய எடிட்டர் அடித்துவிடுவார்.