வூடி ஸ்ட்ரோட்: மைதானம் வளர்த்த நடிகர்

‘ஸ்பார்ட்டகஸ்’ (1960) படத்தின் அரங்கச் சண்டையை விளையாட்டுப் பார்வையாளராக இன்னொரு முறை பாருங்கள். கிர்க் டக்ளஸ் கையில் குட்டை வாள். எதிரே டிராபாவாக வரும் வூடி ஸ்ட்ரோட் கையில் வலையும் திரிசூலமும். நீண்ட ஆயுதத்தின் பலம் தூரத்தில்தான் இருக்கிறது. எதிராளியை நெருங்கவிடாமல், அவசரப்படாமல், சுவரோரம் ஒதுக்கிக்கொண்டே போகிறார். டக்ளஸின் கழுத்தில் சூலம். கொல்ல மறுக்கிறார். சூலத்தை ரோமானியர் அமர்ந்திருக்கும் மாடத்தை நோக்கி வீசிவிட்டு, அங்கேயே தாவி ஏறுகிறார். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியவர்!

தாவலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதற்கு முந்தைய காத்திருப்பு. மரக்கூண்டுக்குள் டக்ளஸின் கண்கள் அலைகின்றன. ஸ்ட்ரோட் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் காத்திருந்து பழகியவருக்கே அந்த அமைதி வரும்.

1914-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். யு.சி.எல்.ஏ.வின் 1939 அமெரிக்கக் கால்பந்து அணியில் கென்னி வாஷிங்டன், ஜாக்கி ராபின்சனோடு ஆடினார். அந்தப் பருவத்தில் அணி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கதவு திறக்கவில்லை. 1934 முதல் 1945 வரை அங்கே ஒரு கறுப்பினத்தவருக்கும் இடமில்லை. 1946-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணிக்குப் பொது மைதானமான கொலிசியம் தேவைப்பட்டது. கறுப்பின வீரர்களைச் சேர்க்கும்படி கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடாமல் நெருக்கினார்கள். முதலில் வாஷிங்டன், அடுத்து ஸ்ட்ரோட். பேஸ்பாலில் ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்கு இறங்கியது அடுத்த ஆண்டுதான்.

வாய்ப்பு வந்தபோது ஸ்ட்ரோட்டின் நல்ல வயது போய்விட்டது. ஒரே பருவத்தில் ராம்ஸ் கைகழுவியது. கனடாவின் கால்கரி அணியோ அவரை மதித்தது. 1948 கிரே கோப்பை இறுதியில், ஆட்டம் நின்றுவிட்டதென்று ஒட்டாவா வீரர்கள் அசந்திருந்த நொடியில், கிடந்த பந்தை அள்ளிக்கொண்டு ஓடினார். அங்கிருந்துதான் கால்கரியின் வெற்றி டச் டவுன் பிறந்தது: 12-7.

பின்னர் திரையில், ‘சார்ஜென்ட் ரட்லெஜ்’ படத்தில் இயக்குநர் ஜான் ஃபோர்டு அவருக்குத் தலைப்புப் பாத்திரத்தையே கொடுத்தார். பெயர்ப் பட்டியலில் மட்டும் ஜெஃப்ரி ஹன்டருக்குப் பின்னால்தான் தள்ளினார்கள். இது அநீதி. படத்தைத் தாங்குவது ஸ்ட்ரோட்டின் நிமிர்ந்த முதுகு.

அவர் இறந்தது 1994 டிசம்பர் 31. 1946-இல் தொழில்முறைக் கால்பந்தின் நிறத்தடையை உடைத்த ஸ்ட்ரோட், வாஷிங்டன், மரியன் மோட்லி, பில் வில்லிஸ் நால்வருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் முன்னோடி விருது அளித்தது 2022-இல்.