பத்தாயிரம் ரூபாய் லென்ஸும் இரண்டு லட்ச ரூபாய் பாடியும்

காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் காட்டுக்கு எடுத்துச் சென்ற கேமரா எந்தக் கடையிலும் விற்பனைக்குக் கிடைத்ததில்லை. ஒரு கம்பெனியின் பாடி, வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸ், இன்னும் பல உதிரி பாகங்கள் என எல்லாவற்றையும் தாமே பொருத்திக் கட்டிய கருவி அது. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அதை நேரில் பார்த்த இயற்கையியலாளர் இ. பி. ஜீ, உள்ளே எங்காவது கம்பி போட்டுக் கட்டியிருக்கத்தான் வேண்டும் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகனான கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு, அவை ஒட்டுப்போட்ட கேமராவில் பிறந்தவை என்று தோன்றவே தோன்றாது. யானை நிற்கும் புதரும், அதன் மேல் விழும் வெயிலும், கூட்டத்துக்குள் அதற்கு இருக்கும் இடமும்தான் கண்ணில் படும்.

கேமராவில் ஒன்றுமில்லை, எல்லாம் எடுப்பவர் கையில்தான் என்று சொல்ல விரும்புபவர்களுக்கு இந்தக் கதை வசதியானது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. கருவியைப் பற்றிக் கவலையே இல்லாத ஒருவர் எதற்காக இத்தனை பாடுபட்டு ஒன்றைக் கட்ட வேண்டும்? தமக்கு என்ன வேண்டும் என்று கிருஷ்ணனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கிடைத்ததை வைத்து அதை உண்டாக்கிக்கொண்டார். அவருக்குக் கருவி முக்கியமாக இருந்தது. அதன் விலை முக்கியமாக இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதம் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பணம் எதை வாங்கித் தருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட முடியும்.

ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். ஆரம்பநிலை கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் முன்னது பின்னதைப் போல இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகம். அந்த அளவுக்குக் கூடுதலாக வெளிச்சத்தை வாங்கும். இருட்டில் எடுக்கும்போது படத்தில் பொரிபொரியாகத் தெரியும் நாய்ஸ் அதனால் குறையும். இதற்காகப் பலர் இரண்டு லட்சத்தை ஒட்டிச் செலவு செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் கையிலிருக்கும் பழைய கேமராவில், கூடவே வந்த கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு, சுமார் பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் என்ன ஆகும்? கிட் லென்ஸ் அந்த நீளத்தில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 1.8 என்பது அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். பத்தாயிரத்தில் ஒன்பது மடங்கு, இரண்டு லட்சத்தில் இரண்டேகால் மடங்கு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

மெகாபிக்சல் கதை இதைவிட மோசம். 12க்கு 8 அங்குலத்தில் ஆல்பம் தரத்துக்கு அச்சிட ஒன்பது மெகாபிக்சல்கூடத் தேவையில்லை. 1999இல் நிக்கான் வெளியிட்ட டி1 கேமராவுக்கு இருந்தது 2.7 மெகாபிக்சல்தான். விலையோ சுமார் 5,000 டாலர். அதை வைத்துக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் வேலை பார்த்தார்கள். இன்று 45 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தை 1,080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறோம். எடுத்ததில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான் பார்ப்பவர் கண்ணுக்குப் போகிறது.

அப்படியென்றால் விலையுயர்ந்த கேமரா வீண் செலவா? ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே நியாயம்.

விடிகாலை முகூர்த்தம். மேடையில் மஞ்சள் விளக்கும் வெள்ளை விளக்கும் கலந்து எரிகின்றன. ஹோமப் புகை. வீடியோக்காரர் ஒரு பக்கம், பெண் வீட்டு மாமாக்கள் மறுபக்கம். கெட்டிமேளம் முழங்கியதும் எல்லாருடைய கையும் அட்சதையோடு உயர்ந்து மணமகளின் முகத்தை மறைக்கிறது. தாலி கழுத்தில் ஏறி முடிச்சு விழும் அந்தச் சில விநாடிகள்தான் நேரம். எஃப் 2.8இல் திறந்த லென்ஸ், 3,200 ஐ.எஸ்.ஓ. உணர்திறன், இருநூறில் ஒரு விநாடி ஷட்டர் என்று வைத்துக்கொண்டால் படம் நிற்கும். எஃப் 5.6 லென்ஸோடு வந்தவர் அதே ஷட்டருக்கு 12,800 ஐ.எஸ்.ஓ. வரை போக வேண்டும். பட்டுப்புடவையின் ஜரிகை அங்கேயே நாய்ஸில் கரைந்துவிடும். ஃபோகஸ் ஒரு தடவை தடுமாறி முன்னால் பறக்கும் அரிசியைப் பிடித்துக்கொண்டாலும் முடிந்தது. இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. மெமரி கார்டு பழுதானால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமராவைத் தேடுகிறார்கள், தோளில் இரண்டாவது பாடியைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். இவர்களிடம் போய்க் கேமராவில் ஒன்றுமில்லை என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

கவனித்தால் ஒன்று புலப்படும். மண்டபத்தில் அந்த விலை வாங்கித் தந்தது நல்ல படத்தை அல்ல. படம் தவறிப்போகாமல் இருப்பதற்கான உறுதியைத்தான். எங்கே நிற்பது, அட்சதை விழும் நேரத்தில் மணமகளின் முகம் எந்த இடைவெளியில் தெரியும், ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அப்பாவின் பக்கம் எப்போது திரும்புவது என்பதையெல்லாம் எந்தக் கேமராவும் சொல்லித் தராது. விலையுயர்ந்த கருவி தோல்விகளைக் குறைக்கும். எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்ற முடிவு அதன் வேலை அல்ல. தவறவிடவே முடியாத இடத்தில் நிற்பவருக்கு அந்த விலை நியாயமானது. இன்னும் தன் படம் எது என்று தேடிக்கொண்டிருப்பவருக்குத் தோல்விகளும் தேவை. அவர் தோல்விக்கு எதிரான இந்தக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

பறவைப் படம் எடுப்பவர்களின் நிலை மண்டபத்தையும் தாண்டியது. வேடந்தாங்கலில் கரையிலிருந்து கூடுகளை எடுக்க வேண்டுமானால் தொலைவைச் சுருக்கும் லென்ஸ் இல்லாமல் முடியாது. 600 எம்.எம். எஃப் 4 லென்ஸின் விலை பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. நிக்கான் இசட்9 விநாடிக்கு 20 படம் எடுக்கிறது. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடர்கிறது. இதனால் முன்பு எடுக்கவே முடியாத படங்கள் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதே கருவிகள் ஆயிரக்கணக்கில் பரவியதும் என்ன நடந்தது? மீனைக் கவ்விக்கொண்டு தண்ணீரிலிருந்து கிளம்பும் மீன்கொத்தி, பின்னால் மங்கலான பச்சை. யார் எடுத்தாலும் அதே படம். பறவை வாழும் ஏரியும், கரையும், பக்கத்து வயலும் அந்த மங்கலுக்குள் காணாமல் போய்விட்டன. கிருஷ்ணனின் படங்களில் காடு இருந்தது. இன்றைய கூர்மையான படங்கள் பலவற்றில் பறவையின் இறகு மட்டும் இருக்கிறது. வசதி பெருகியபோது பார்வை சுருங்கியது பெரிய இழப்பு.

கூர்மையே அழகு என்ற நம்பிக்கையும் விலையோடு சேர்ந்தே வருகிறது. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு 1863இல், அவருடைய 48ஆம் வயதில், மகளும் மருமகனும் முதல் கேமராவைப் பரிசளித்தார்கள். அவர் எடுத்த முகங்களில் ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். பிற்காலத்தில் இலங்கைக்குக் குடிபெயர்ந்து களுத்துறையில் வாழ்ந்த அவர், அங்கே எளிய உழைப்பாளிகளையும் படமெடுத்தார். 1879இல் இலங்கையிலேயே காலமானார். அவர் எடுத்த மங்கலான முகங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய நார்மண்டிக் கரையில், போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் கையில் இருந்தது அந்தக் காலத்தின் உயர்தரக் காண்டாக்ஸ் கேமரா. உலகம் நினைவில் வைத்திருப்பதோ ஆடி அசைந்து கலங்கிய சில ஃப்ரேம்களை.

மறுபக்கமும் சுத்தமில்லை. மலிவான கருவியைப் புகழ்கிறவர்கள் சொல்லும் உதாரணங்களில் பல பாதி உண்மைதான். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் ஒரு சிறிய லைக்காவும் 50 எம்.எம். லென்ஸும் வைத்துக்கொண்டு காலமெல்லாம் படமெடுத்தார் என்பார்கள். சரி. ஆனால் லைக்கா அன்றும் மலிவான பொருளல்ல. அவர் நூல் ஆலைகள் நடத்திய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. 1932இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேலியின் இடுக்கு வழியே லென்ஸை நீட்டி, தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரை அவர் பிடித்தது அந்தக் கேமரா சின்னதாகவும் வேகமாகவும் இருந்ததால். பெரிய பிளேட் கேமராவோடு அங்கே போயிருந்தால் அந்தப் படம் இல்லை.

பத்திரிகைப் புகைப்படக்காரர் டேமன் வின்டர் 2010இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர்களின் அன்றாடத்தை ஐபோனில் எடுத்து நியூயார்க் டைம்ஸில் வெளியிட்டதும், அந்தத் தொகுப்பு மறு ஆண்டு ஒரு சர்வதேசப் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றதும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. வீரர்கள் ஒருவரையொருவர் போனில் படமெடுத்துக்கொள்பவர்கள். அதனால் போனை நீட்டியபோது அவர்கள் விறைத்துக்கொள்ளவில்லை. அங்கே போன்தான் பொருத்தமான கருவி. அதே பயணத்தில் அவரிடம் வழக்கமான கேமராக்களும் இருந்தன என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீபன் ஷோர் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 1971இல் மிக்கி மவுஸ் தலை வடிவிலான பொம்மைக் கேமராவில் படம் எடுத்தவர், அடுத்த ஆண்டு சட்டைப்பைக்குள் அடங்கும் ரோலை 35ஐ எடுத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றினார். பிறகு 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவுக்குப் போனார். அவர் தேடிய படம் மாறியபோதெல்லாம் கருவியும் மாறியது. விலை ஏறியது அதன் பின்விளைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலையுயர்ந்தது என்பது ஆளுக்கு ஆள் வேறு. மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்ற அம்மாவின் உழைப்பில் வளர்ந்தவர். முதல் கேமராவைக் கடன் வாங்கித்தான் அவரால் வாங்க முடிந்தது. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் பதிவு செய்த அவருக்கு 2022இல் தயானிதா சிங்–பரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. நகரத்து இளைஞர் ஒருவர் ஆரம்பநிலை என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கும் கேமரா, உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குடும்பத்தின் கடன். அப்படிப்பட்டவர்களிடம் கேமரா முக்கியமில்லை என்று பேசுவது, கையில் கேமரா இருப்பவர்களின் சொகுசு. அவர்களுக்கு முதலில் தேவை ஏதாவது ஒரு கேமரா, அதைக் கையாளச் சொல்லித் தர ஓர் ஆள். பழனிக்குமார் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இரு தரப்புக்கும் சமமாக இல்லை. தொழிலுக்காக, அதுவும் இருட்டிலோ தொலைவிலோ வேகத்திலோ வேலை செய்பவருக்கு விலை கொடுத்த கருவி நியாயமான முதலீடு. மற்ற பெரும்பாலோருக்கு இன்றைய ஆரம்பநிலைக் கேமராவே அவர்கள் திறமையைத் தாண்டி நிற்கிறது. அவர்கள் படங்களைத் தடுப்பது சென்சார் அல்ல. நடுப்பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எடுப்பது, இரண்டு அடி முன்னால் போகக் கூசுவது, எடுத்த முந்நூறில் பத்தைத் தேர்ந்தெடுக்க மனம் வராதது ஆகியவைதான் தடுக்கின்றன. பெரிய கேமரா இவற்றில் சிலவற்றை மோசமாக்கவும் செய்யும். எடை கூடியதும் அது அலமாரியிலேயே தங்கிவிடும். காசிமேட்டுச் சந்தைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நுழைந்தால் மீன் வெட்டும் கை நின்று, முகங்கள் திரும்பிவிடும்.

புதிய கேமரா வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, கடைசியாக எடுத்த நூறு படங்களைத் திறந்து வைத்துப் பாருங்கள். எந்த லென்ஸ் நீளம், எந்த ஐ.எஸ்.ஓ., என்ன ஷட்டர் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளிலேயே பதிவாகியிருக்கும். பிடிக்காத படங்களை மட்டும் பிரித்தெடுங்கள். இருட்டால் கெட்டவை எத்தனை, ஃபோகஸ் தவறியவை எத்தனை, எல்லாம் சரியாக இருந்தும் பார்க்க ஒன்றுமில்லாதவை எத்தனை என்று தனித்தனியாக வையுங்கள். முதல் இரண்டு அடுக்கு உயரமாக இருந்தால், நீங்கள் நினைக்கும் கேமராவையோ லென்ஸையோ முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடத்திலேயே எடுத்துப் பாருங்கள். மூன்றாவது அடுக்கு உயரமாக இருந்தால், அந்த இரண்டு லட்சத்தில் ஒரு பகுதியை ரயில் டிக்கெட்டுக்கும் புகைப்பட நூல்களுக்கும் நல்ல பிரிண்டுகளுக்கும் செலவிடுங்கள்.